பதில்: பாய்லர் ஃபீட் பம்ப் லைனில் டிரெயின் நிப்பிள் திரும்பத் திரும்ப வெடிப்பது

பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்பின் குழாயில், தண்ணீரை வடிக்க வெல்டிங் செய்த சிறு குழாய் (டிரெயின் நிப்பிள்) திரும்பத் திரும்ப விரிசல் விடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். வெல்டிங்கைத் தடிமனாக்காதீர்கள், நிற்காது. நிப்பிள் நுனியில் இருக்கும் டிரெயின் வால்வை அதே மெயின் குழாயோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். தரையிலிருந்தோ பக்கத்துத் தூணிலிருந்தோ முட்டுக் கொடுக்கவே வேண்டாம். அப்படிக் கொடுத்தால் மெயின் குழாய் ஆடும், வால்வு அசையாது, நடுவில் இருக்கும் நிப்பிள்தான் மறுபடி வெடிக்கும். குழாய் சூடேறி நீளும்போதும் அதே கதைதான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை ஆலை, முக்கால் அங்குல நிப்பிள், நுனியில் கனமான கேட் வால்வு, விரிசல் எப்போதும் வெல்டிங் ஓரத்தில் என்கிறீர்கள். ஆடி ஆடி உலோகம் களைத்துப்போனதன் அடையாளம் அது. வால்வின் சொந்த அதிர்வும் பம்பின் துடிப்பும் ஒத்துப்போயிருக்கலாம். நீங்கள் சொன்ன நிமிடத்துக்கு 2950 சுழற்சிக்கு வினாடிக்கு 49 துடிப்பு. பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் 6 இறக்கை என்றால் 295 துடிப்பும் உண்டு.

1. பம்பை நிறுத்தி, லைன் ஆறியதும், வால்வில் அதிர்வு மீட்டர் சென்சாரை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். மீட்டர் காட்டும் வால்வின் சொந்த அதிர்வு வினாடிக்கு 49க்கோ 295க்கோ நெருக்கமாக வந்தால் சந்தேகம் உறுதி.

2. ஆலைக்குச் செம்பனைக் குலை வரத்து குறைந்து பாய்லர் மெதுவாக ஓடும்போது மட்டும் ஆட்டம் கூடுகிறதா? அப்படியானால் பம்பில் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. டேங்குக்குத் திரும்பும் பைபாஸைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்.

அடுத்த ஷட்டவுனில் நிப்பிளைக் குட்டையாக்கி, இலேசான வால்வு போடுங்கள்.

விரிசல் தெரிந்தபின் பம்பை ஓடவிட்டபடி கிளாம்பை இறுக்காதீர்கள்; கொதிநீர் முகத்தில் அடிக்கும். வெல்டிங் வேலைக்கு உங்கள் ஸ்டீம் இன்ஜினியரின் ஒப்புதல் கட்டாயம் வாங்குங்கள்.