அப்பாவுக்கு பார்க்கின்சன், இதயமும் நின்றுவிடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ஆறு வருடமாக பார்க்கின்சன். வலது கை நடுக்கம். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. போன வாரம் பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தார். இ.சி.ஜி.யில் துடிப்பு தாறுமாறு என்கிறார்கள். இந்த நோய்க்காரர்களுக்குத் தூக்கத்திலேயே இதயம் நின்றுவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து நான் தூங்கவில்லை. சின்டோபா (பார்க்கின்சன் மாத்திரை), பிரஷர் மாத்திரை, மெடிக்கலில் வாங்கிய தலைசுற்றல் மாத்திரை சாப்பிடுகிறார். உப்பையும் குறைத்துவிட்டோம்.

பதில்: முதலில் நீங்கள் தூங்குங்கள். நீங்கள் அனுப்பிய இ.சி.ஜி.யில் ரம்பப் பல் மாதிரி தெரிவது இதயம் இல்லை, அப்பாவின் கை நடுக்கம். வலது கையைத் தொடாத மூன்றாவது லீடை, அதாவது III என்று குறித்த வரியைப் பாருங்கள்: ஒவ்வொரு துடிப்பும் பிசகாமல் வந்திருக்கிறது. கையை இடுப்புக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி மறுபடி எடுங்கள்.

விழ வைத்தது பிரஷர் என்றுதான் நினைக்கிறேன். நாம் நின்றதும் ரத்தம் காலுக்கு இறங்கும்; குழாய்களைச் சுருக்கி அதை மேலே தள்ளும் நரம்புகள் பார்க்கின்சனில் பழுதாகின்றன. சின்டோபாவும் பிரஷரைக் கொஞ்சம் இறக்கும். அதற்கு மேல் பிரஷர் மாத்திரை, உப்புக் குறைப்பு! ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிரஷர் பாருங்கள். பிடித்துக்கொண்டு நிற்க வைத்து ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்த அளவுகளை எழுதிய சீட்டோடு டாக்டரிடம் போங்கள். பிரஷர் மாத்திரையையும் உப்பையும் அவர் மாற்றட்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

ஒன்று தவிர. அந்தத் தலைசுற்றல் மாத்திரை அட்டையில் சின்னரிசின் என்று இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அது பார்க்கின்சனையே அதிகப்படுத்தும். ஆறு வருட வைத்தியத்தை மெடிக்கல் கவுன்டரில் ஒரே நிமிடத்தில் கெடுத்துக்கொள்ளும் வீடுகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

நான் பயப்படுவது ஒரே விஷயத்துக்கு. உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கினால், அல்லது நெஞ்சு படபடத்து உடனே மயங்கினால், அது பிரஷர் கதை இல்லை. அப்போதே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கள். குமட்டலுக்கு டாம்பெரிடோன் கொடுக்கிறீர்கள் என்றால் அங்கே மறக்காமல் சொல்லுங்கள். இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து அது.

இரவில் சிறுநீருக்குக் கட்டில் பக்கத்திலேயே ஒரு யூரின் பாட்டில் வையுங்கள். காலையில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகே எழட்டும்.