ரோமானிய ஊர் ஓய்ந்த பிறகு அங்கே புதைக்கப்பட்டவர்கள்: கார்பன் காலக்கணிப்பு கேள்வி பதில்

தொல்லியல் எலும்புகளைச் சுத்தம் செய்து, அதிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்து, கார்பன் அளவீட்டுக்குத் தயார் செய்யும் வேலையில் பல வருடங்கள் இருந்தவள் நான். இங்கிலாந்தில் ரோமானியர் ஆட்சி முடிந்த காலத்துக் கல்லறைகளை எப்படிக் காலம் கணிக்கிறார்கள் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஊர் ஊராகத் தாவாமல், எனக்கு மிகவும் பிடித்த டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸை வைத்தே முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, டார்செஸ்டர் தெற்குக் கடற்கரைப் பக்கம் இருக்கிற ஊர்தானே? தேம்ஸ் எப்படி அங்கே வந்தது?

அது டார்செட் மாவட்டத்து டார்செஸ்டர், வேறு ஊர். நான் சொல்வது ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தென்கிழக்கே சுமார் 13 கி.மீ. தள்ளி, தேம்ஸும் தேம் என்ற சிற்றாறும் கூடுகிற இடத்தில் இருக்கும் சின்ன ஊர். ரோமானியர் காலத்தில் அது மதில் கட்டிய சிறு நகரம். 635 வாக்கில் பிரினஸ் என்ற பாதிரியார் வெசெக்ஸ் அரசன் கினெகில்ஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், அவருக்கு பிஷப் பீடமாக இந்த ஊரைக் கொடுத்ததும் பீட் என்ற 8-ஆம் நூற்றாண்டுத் துறவி எழுதிய வரலாற்றில் இருக்கிறது. ரோமானியர் கை விட்டது 410 வாக்கில், பிரினஸ் வந்தது 635-இல், நடுவில் இருநூறு வருடத்துக்கு மேல் எழுத்தில் ஒன்றுமே இல்லை. அந்த இருநூறு வருடத்து மனிதர்கள் ஊருக்கு வெளியே மண்ணுக்குள் இருக்கிறார்கள், அவர்களைத்தான் கேட்டாக வேண்டும்.

கேள்வி: காசு, பானை எல்லாம் கிடைக்குமே, அதை வைத்தே காலம் சொல்ல முடியாதா? எதற்கு இவ்வளவு செலவு?

முடிந்தால் யார் செலவு செய்வார்கள்! பிரிட்டனுக்குப் புதுக் காசு வருவது 402-ஐ ஒட்டிக் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. கைக்கு வந்த பழைய காசு ஐம்பது வருடம் கழித்தும் புழங்கியிருக்கலாம், அதனால் காசு சொல்வது "இதற்கு முன்னால் இல்லை" என்பதை மட்டும்தான். பானையும் அப்படியே. டார்செஸ்டரைச் சுற்றியுள்ள ஆக்ஸ்ஃபோர்டுப் பகுதி ரோமானியர் காலத்தில் பெரிய மட்பாண்டத் தொழில் நடந்த இடம், சூளைகள் ஏகப்பட்டது. அந்தத் தொழிலே 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படுத்துவிட்டது. அப்புறம் இன்னொரு சங்கடம், ரோமானியர் காலக் கடைசியில் இங்கே இறந்தவர்களை மேற்கில் தலை, கிழக்கில் கால் வைத்து, குழிக்குள் பெரும்பாலும் ஒன்றுமே வைக்காமல் புதைத்தார்கள். ஈமப்பொருள் இல்லாத குழியில் எலும்பு மட்டும்தான் மிச்சம். காலம் தெரிய வேண்டுமென்றால் எலும்பைத்தான் அளக்க வேண்டும்.

கேள்வி: எலும்பில் எதை அளக்கிறீர்கள்? எளிமையாகச் சொல்ல முடியுமா மேடம்?

காற்றில் இருக்கும் கார்பனில் மிக மிகச் சிறு பங்கு, லட்சம் கோடியில் ஒன்று என்ற அளவில், கார்பன்-14. செடி அதை எடுக்கிறது, ஆடு மாடு செடியைத் தின்கிறது, நாம் எல்லாவற்றையும் தின்கிறோம். உயிர் போனதும் வரவு நின்றுவிடும், இருப்பது சிதைந்துகொண்டே போகும், 5,730 வருடத்தில் பாதியாகும். 1940-களின் கடைசியில் வில்லார்ட் லிபி என்ற அமெரிக்க வேதியியலாளர் இதை வைத்துக் காலம் சொல்லலாம் என்று காட்டினார், 1960-இல் நோபல் பரிசும் வாங்கினார். எலும்பில் நாங்கள் எடுப்பது கொலாஜன் என்ற புரதத்தை. எலும்பின் தாதுப் பகுதி மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் கார்பனை வாங்கிக்கொள்ளும், அதை நம்ப முடியாது. கொலாஜன் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க அதில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்போம், 2.9-க்கும் 3.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒரு தடவை ஒரு அருங்காட்சியகத்திலிருந்து வந்த எலும்பில், பல வருடத்துக்கு முன்னால் யாரோ உடையாமல் இருக்கட்டும் என்று பிசின் பூசியிருந்தார்கள், சீட்டில் ஒரு வரி கூட எழுதவில்லை. அந்தப் பிசினில் இருப்பதும் கார்பன்தான். விகிதம் கோணலாக வந்ததால் பிடித்தோம், இல்லையென்றால் தப்பான தேதி ஒன்று அறிக்கையில் ஏறியிருக்கும். எலும்புக்கு என்ன பூசினாலும் தயவுசெய்து எழுதி வையுங்கள்.

கேள்வி: டார்செஸ்டரில் ரோமானிய பிரிட்டன்காரர்களும் வட ஐரோப்பாவிலிருந்து வந்த சாக்ஸன்களும் நூறு வருடம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தார்கள் என்று எங்கோ படித்தேன். கார்பன் தேதியே அப்படித்தான் சொல்கிறதாமே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஊருக்கு வெளியே இரண்டு இடுகாடுகள் தோண்டப்பட்டன. ஒன்று குவீன்ஃபோர்ட் ஃபார்ம், நான் மேலே சொன்ன மாதிரி ஈமப்பொருள் இல்லாத, மேற்கு கிழக்காகப் புதைத்த ரோமானியப் பிற்கால இடுகாடு. இன்னொன்று பெரின்ஸ்ஃபீல்டில் உள்ள வாலி கார்னர், ஈட்டி, கேடயம், உடை ஊசிகள், பாசிமணி எல்லாம் வைத்துப் புதைத்த ஆங்கிலோ-சாக்ஸன் இடுகாடு. (பெரின்ஸ்ஃபீல்ட் என்ற பெயரே பிரினஸ் நினைவாக வைத்ததுதான்.) இரண்டுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. 1980-களில் குவீன்ஃபோர்ட் எலும்புகளுக்கு வந்த கார்பன் தேதிகளைப் பார்த்தபோது, அந்த இடுகாடு 6-ஆம் நூற்றாண்டு வரைக்கும் போவது போலத் தெரிந்தது. அப்படியென்றால் பழைய முறைப்படி புதைக்கிறவர்களும் புது முறைப்படி புதைக்கிறவர்களும் ஒரே காலத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வாழ்ந்தார்கள் என்று ஆகிறது. அழகான படம், பாடநூல்களுக்கும் பிடித்த படம்.

2009-இல் கேத்தரின் ஹில்ஸ், டாம்சின் ஓ'கானல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரண்டு இடுகாட்டு எலும்புகளையும் புதிதாக அளந்து முடிவை வெளியிட்டார்கள். குவீன்ஃபோர்ட் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது, வாலி கார்னர் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த நூறு வருடப் பக்கத்து வீட்டு உறவுக்கு இந்த இரண்டு இடுகாட்டிலும் ஆதாரம் இல்லை.

முன்னால் அளந்தவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் சிதைவை எண்ணித்தான் அளந்தார்கள், கை நிறைய எலும்பு வேண்டும், அப்படியும் கூட்டிக் கழித்து 70, 80 வருடம் பிழை வருவது சாதாரணம். கொலாஜனைச் சுத்தம் செய்யும் முறையும் இன்றைய அளவுக்கு வளரவில்லை. இன்று முடுக்கி (accelerator) என்ற கருவியை வைத்து கார்பன்-14 அணுக்களையே எண்ணுகிறார்கள், ஒரு கிராம் எலும்பு போதும், பிழை 25, 30 வருடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் எனக்கு இதில் உறைப்பது வேறு விஷயம். மக்கள் வெளியேறினார்களா, கலந்தார்களா, விரட்டப்பட்டார்களா என்ற அவ்வளவு பெரிய கேள்வியை, பிழை எல்லை அகலமான கொஞ்சம் தேதிகளின் மேல் தூக்கி வைத்தோம். அது தாங்கவில்லை.

கேள்வி: இப்போதைய கருவி அவ்வளவு துல்லியம் என்றால், "இவர் 470-இல் இறந்தார்" என்று ஏன் சொல்ல முடியவில்லை?

காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை, அதனால்தான். எந்த வருடத்தில் எவ்வளவு இருந்தது என்பதை மரவளையங்களை ஒவ்வொன்றாக அளந்து ஒரு வளைவாக வரைந்திருக்கிறார்கள், இப்போது நாம் பயன்படுத்துவது 2020-இல் வந்தது. அந்த வளைவு சில இடங்களில் செங்குத்தாக இறங்கும், சில இடங்களில் சமதளமாகக் கிடக்கும். நம் கெட்ட நேரம், ஏறக்குறைய 430-லிருந்து 530 வரை சமதளம். சமதளத்தில் என்ன நடக்கிறது என்றால், 430-இல் இறந்தவர் உடலில் கொஞ்சம் அதிகக் கார்பன்-14 இருந்தது, அவருக்குச் சிதைய நூறு வருடம் கூடுதலாகக் கிடைத்தது, 530-இல் இறந்தவருக்குத் தொடக்கத்திலேயே குறைவு. இன்று எடுத்து அளந்தால் இரண்டு பேரிடமும் ஒரே அளவு! ஆய்வகம் 1600 கூட்டல் கழித்தல் 25 என்று கொடுத்தால் (1950-லிருந்து பின்னோக்கி எண்ணுவது வழக்கம்) அது நாட்காட்டியில் சுமார் 415-லிருந்து 540 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கருவியை இன்னும் நல்லதாக்கினாலும் இங்கே பெரிய லாபம் இல்லை. ரோமானிய பிரிட்டன் ஆங்கிலோ-சாக்ஸன் இங்கிலாந்தாக மாறிய அதே நூறு வருடம்தான் நமக்குக் கலங்கலாகத் தெரிகிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

6-ஆம் நூற்றாண்டின் நடுவைத் தாண்டினால் வளைவு கைகொடுக்கிறது. 2013-இல் வெளிவந்த ஒரு பெரிய திட்டத்தில், இங்கிலாந்து முழுக்க ஈமப்பொருளோடு புதைத்த 6, 7-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளைத் துல்லியமாக அளந்து, பொருட்களின் வரிசையோடு சேர்த்துப் பார்த்தார்கள். ஈமப்பொருள் வைக்கும் வழக்கம் 670-கள், 680-களில் சட்டென்று நின்றுவிடுகிறது. 8-ஆம் நூற்றாண்டு வரை மெதுவாகத் தேய்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கேள்வி: தேதிகளைப் புள்ளியியலில் போட்டுச் சுருக்குகிறார்கள் என்கிறார்களே. வேண்டிய விடையை வரவைக்கிற வேலை மாதிரி இல்லையா?

சந்தேகம் நியாயமானது. ஆனால் புள்ளியியல் போடாமல் படிப்பதுதான் அதிகம் ஏமாற்றும். உங்கள் தாத்தா பாட்டி கல்யாணம் எந்த வருடம் என்று சொந்தத்தில் இருபது பேரைக் கேளுங்கள். ஒருவர் 58 என்பார், ஒருவர் 61, ஒருவர் அடித்துச் சொல்வார் 63 என்று. அதனால் கல்யாணம் 58-லிருந்து 63 வரை நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டோம். கார்பன் தேதிகளும் அப்படித்தான் சிதறும், ஒவ்வொரு தேதிக்கும் முன்னும் பின்னும் ஒரு வால் இருக்கும். எல்லா வாலையும் சேர்த்துப் படித்தால் ஐம்பது வருடம் இருந்த இடுகாடு நூற்றைம்பது வருடம் இருந்தது போல இழுபட்டுத் தெரியும். இவை எல்லாம் ஒரே இடுகாடு, ஒரு தொடக்கம் ஒரு முடிவு உண்டு, இந்தக் குழி அந்தக் குழியை வெட்டிக்கொண்டு போகிறது, அதனால் இது பிந்தியது என்பது மாதிரி நமக்கு நிச்சயமாகத் தெரிந்ததைக் கணக்கில் சேர்ப்பதுதான் பேய்ஸ் முறை. எதைச் சேர்த்தோம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும், அதை மாற்றிப் போட்டால் விடை எவ்வளவு ஆடுகிறது என்றும் காட்ட வேண்டும். அது இல்லாத அறிக்கை என்றால் நீங்கள் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

கேள்வி: மீன் சாப்பிட்டவர் எலும்பு பழசாகக் காட்டும் என்பது உண்மையா அக்கா?

உண்மை. கடல் நீரில் பழைய கார்பன் தேங்கி நிற்கிறது, கடல் மீனை மட்டுமே தின்று வளர்ந்தவர் சுமார் நானூறு வருடம் மூத்தவராகத் தெரிவார். இங்கிலாந்தில் கடல் மீன் அதிகமாகச் சாப்பிடத் தொடங்கியது கி.பி. 1000-ஐ ஒட்டித்தான், அதனால் நம் ஆட்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆற்று மீனும் விலாங்கும் வேறு கதை, சுண்ணாம்புப் பாறை வழியாக வரும் ஆற்றுத் தண்ணீரிலும் பழைய கார்பன் உண்டு. அதே கொலாஜனில் கார்பன்-13, நைட்ரஜன்-15 அளவைப் பார்த்தால் உணவு ஓரளவு தெரியும். இன்னொன்றும் உண்டு: வளர்ந்தவரின் தொடை எலும்பில் கொலாஜன் மெதுவாகத்தான் புதுப்பிக்கப்படும். வயதாகி இறந்தவர் எலும்பு, அவர் இறந்த வருடத்தைச் சொல்லாது, அதற்குப் பத்து, இருபது வருடம் முந்தைய ஒரு சராசரியைச் சொல்லும்.

கேள்வி: 774-இல் கார்பன்-14 திடீரென்று ஏறியதாமே, அதை வைத்து ஒரே வருடத்துக்கு வர முடியாதா?

மரத்துக்கு முடியும், ஒவ்வொரு வளையமும் ஒரு வருடம். எலும்பு பல வருடங்களைக் கலந்து வைத்திருக்கிறது, அந்த ஏற்றம் அதில் கரைந்துவிடும்.

கேள்வி: கீழடியிலும் இதே முறைதானே? அங்கேயும் இந்தச் சமதளப் பிரச்சினை உண்டா?

முறை ஒன்றுதான், ஆனால் கீழடியில் 2019-இல் பேசப்பட்ட கி.மு. 580 என்ற தேதி கரித்துண்டிலிருந்து வந்தது, மனித எலும்பிலிருந்து இல்லை. கரி என்றால் மரம் எப்போது வளர்ந்தது என்பதைத்தான் சொல்லும். சமதளம் அங்கேயும் உண்டு, இதைவிடப் பெரியது, கி.மு. 800-லிருந்து 400 வரை நீள்கிறது. அதனால் அந்தக் காலத்துத் தேதி எதைப் பார்த்தாலும், ஒற்றை எண்ணோடு நிற்காமல் முழு எல்லையையும், எந்த மண்ணடுக்கில் எடுத்தது என்பதையும் கேட்டு வாங்குங்கள். கீழடிக்கு மட்டும் இல்லை, எந்த ஊருக்கும்.

கேள்வி: சரி, வாலி கார்னரில் புதைக்கப்பட்டவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களா, உள்ளூர்க்காரர்களா?

கார்பன்-14 அதற்குப் பதில் சொல்லாது. 2014-இல் அங்கே 19 பேரின் பல்லில் ஸ்ட்ரான்சியம், ஆக்ஸிஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளை) பார்த்தார்கள். ஐரோப்பியக் கண்டத்தில் வளர்ந்திருக்கலாம் என்று தெரிந்தது ஒரே ஒருவர். உடனே "அப்படியானால் குடியேற்றமே இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வரும். பல் சொல்வது அந்த ஆள் எங்கே வளர்ந்தார் என்பதை. கப்பலில் வந்தவரின் மகள் தேம்ஸ் கரையில் பிறந்திருந்தால் அவள் பல் தேம்ஸ் கரைப் பல்தான். 2022-இல் வந்த பெரிய மரபணு ஆய்வில், கிழக்கு, தெற்கு இங்கிலாந்தில் அக்காலத்தவரின் மரபில் சராசரியாக 76 சதவீதம் வட ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்தது என்று தெரிந்தது. இரண்டு முடிவும் ஒன்றோடொன்று முட்டவில்லை, அளந்ததே வேறு வேறு.

அதோடு, ஊருக்குப் பக்கத்தில் டைக் ஹில்ஸ் என்ற பழைய மண்மேட்டில் 1874-இல் ஒரு கல்லறை கிடைத்தது, அதில் ஒரு ஆணோடு ரோமானியப் படைப் பதவிக்குரிய அரைக்கச்சு உலோகத் துண்டுகள். பக்கத்தில் புதைத்த பெண்ணோடு இருந்த உடை ஊசியோ ஜெர்மானியப் பாணி. 5-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம். இவர்களை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

கேள்வி: இறந்தவர் எலும்பை வெட்டி எடுக்க அனுமதி வேண்டாமா அம்மா?

வேண்டும். இங்கிலாந்தில் புதைத்த மனித எலும்பை எடுப்பதற்கே 1857-ஆம் ஆண்டு அடக்கச் சட்டப்படி நீதி அமைச்சகத்தின் உரிமம் வாங்க வேண்டும், பிறகு மாதிரி எடுக்க எலும்பை வைத்திருக்கும் அருங்காட்சியகம் தனியாகச் சம்மதிக்க வேண்டும். நாங்கள் வெட்டும் முன் படம் எடுப்போம், அளந்து வைப்போம், நோய்க்குறியோ காயமோ இருக்கிற இடத்தைத் தொட மாட்டோம், மிச்சமான தூளைக் கூடப் பெயர் ஒட்டித் திருப்பி அனுப்புவோம். விலா எலும்பில் ஒரு விரல் அகலம், அவ்வளவுதான் எடுப்பது.