காயில் மேல 3 ஆம்பியர்னா அது எந்த 3?

கேள்வி: 12 வோல்ட்டை 5 வோல்ட்டா இறக்க எல்எம்2596 ஐசி, 33 மைக்ரோஹென்றி காயில் (இண்டக்டர்). ரிச்சி ஸ்ட்ரீட்ல '3 ஆம்பியர் காயில்'னு கேட்டுத்தான் வாங்கினேன். 3 ஆம்பியர் இழுத்தா கொதிக்குது, கட் ஆகுது. ஐசி டூப்ளிகேட்டுங்கறார் கடைக்காரர். (வேளச்சேரி)

பதில்: ஐசி டூப்ளிகேட்டாவும் இருக்கலாம், ஹீட்சிங்க் போட்டிருப்பீங்கன்னு நம்பறேன், ஆனா முதல்ல காயிலைப் பாருங்க. உங்க 3 ஆம்பியர் சராசரிதான். அந்த ஐசி 150 கிலோஹெர்ட்ஸ்ல ஓடுது, காயில்ல கரண்ட் சுமார் 0.6 ஆம்பியர் ஏறி இறங்கும் (இதுக்குப் பேர்தான் ரிப்பிள்), அப்போ உச்சம் 3.3.

இனிமே என் வயித்தெரிச்சல். காயிலுக்கு ரேட்டிங் ரெண்டு இருக்குங்க. ஒண்ணு கம்பி சூடாகுற கரண்ட், பெரும்பாலும் 40 டிகிரி ஏறுற அளவு. இன்னொண்ணு சாச்சுரேஷன், அதைத் தாண்டினா உள்ள இருக்கற கோர் காந்தத்தால நிரம்பி இண்டக்டன்ஸ், அதாவது கரண்ட் சட்டுனு ஏறாம தடுக்கற குணம், விழுந்துடும், ஃபெர்ரைட்னா திடீர்னு விழும், சூடுல இன்னும் சீக்கிரமாவே. அதுலயும் 10 சதவீதம் விழுற இடத்தை ஒருத்தன் எழுதுவான், 30 சதவீதம் விழுற இடத்தை இன்னொருத்தன் எழுதுவான், கடைக்காரர் எது பெருசோ அதைச் சொல்லுவார். நானும் டேட்டாஷீட் கேக்காம '3 ஆம்பியர்'னு 50 பீஸ் வாங்கி, ஆசிலோஸ்கோப்ல பாத்தா 2 ஆம்பியர் தாண்டினதுமே சாய்வா ஏறிட்டிருந்த கரண்ட் கோடு ஊசி மாதிரி மேல குத்துது. மிச்சம் 46 இன்னும் டப்பால கிடக்கு. தேங்காயா, தட்டிப் பாத்து வாங்க? நீங்க சாச்சுரேஷன் 5 ஆம்பியராவது இருக்கறதா வாங்குங்க, ஷார்ட் ஆனா அந்த ஐசியே சாதாரணமா 4.5 ஆம்பியர் வரைக்கும் விடும்.

கேள்வி: ரெண்டு 2 ஆம்பியர் காயிலை சீரியஸ்ல போட்டா 4 தாங்குமா? (திருப்பூர்)

பதில்: தாங்காது. ரெண்டுலயும் ஓடப்போறது அதே கரண்ட்தான்.

கேள்வி: ஒரு லித்தியம் செல்லுல இருந்து 5 வோல்ட் 2 ஆம்பியர் எடுக்க பூஸ்ட் (வோல்ட்டை ஏத்தற சர்க்யூட்). 2.5 ஆம்பியர் காயில் போட்டும் வெந்துடுச்சு, மூணாவது தடவை. (மதுரை)

பதில்: மூணு தடவை வெந்த அப்புறமும் கணக்குப் போடலையா? பூஸ்ட்ல காயில் இருக்கறது செல் பக்கம். வெளிய 10 வாட், 90 சதவீத எஃபிஷியன்சின்னே வெச்சாலும் 3.7 வோல்ட்ல 3 ஆம்பியர், செல் 3.2க்கு இறங்கினா 3.5, அதுக்கு மேல ரிப்பிள் வேற.

கேள்வி: ஆன்லைன்ல 10 மைக்ரோஹென்றின்னு போட்டிருந்துச்சு, வந்த 20 பீஸ்லயும் '101'னு அச்சு. ரெண்டும் ஒண்ணுதான், ரிட்டர்ன் கிடையாதுங்கறாங்க. (நாகர்கோவில்)

பதில்: ஒண்ணு இல்லம்மா, உங்க மேல தப்பே இல்ல. கடைசி எண் எத்தனை சைபர்னு சொல்றது, அதனால 10க்கு '100'னு இருக்கணும், '101'ன்னா 100 மைக்ரோஹென்றி. அதே சைஸ்ல சுத்து அதிகம், தாங்குற கரண்ட் கம்மி. அச்சு தெரியற மாதிரி போட்டோ எடுத்து, விளம்பரப் பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டு, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார் குடுங்க. பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.