நினைவுத்தூணுக்கு அடுத்த தெருவில் தொழுகை மையம்: டவுன்ஷிப் தடுக்க முடியுமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள். பெரும்பாலும் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் பக்கத்து ஆட்கள். வாடகை ஹாலில் ஜும்ஆ (வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை) நடத்தி அலுத்துப்போய், மூடிக் கிடக்கும் ஒரு பர்னிச்சர் கடையை அறக்கட்டளை பெயரில் வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். தொழுகைக் கூடம், பிள்ளைகளுக்கு குர்ஆன் வகுப்பு, தமிழ் வகுப்பு, ஒரு சின்ன நிகழ்ச்சி அரங்கு, இதுதான் திட்டம். அடுத்த தெருவில், 2001 செப்டம்பர் 11 அன்று இறந்த எங்கள் டவுன்காரர்களுக்கான நினைவுத்தூண் இருக்கிறது. அதை வைத்து இப்போது எதிர்ப்பு. கையெழுத்து வாங்குகிறார்கள். நன்கொடையாளர் பட்டியல் கேட்கிறார்கள். "உரிமை இருக்கலாம், இடம் சரியில்லை, வேறு இடம் காட்டுகிறோம்" என்கிறார் ஒரு கவுன்சிலர். கமிட்டியில் பாதிப் பேர் "எதுக்கு வம்பு" என்று பின்வாங்குகிறார்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் வழக்குப் போட்டால் நிற்குமா? டவுன்ஷிப் (எங்கள் ஊராட்சி நிர்வாகம்) எங்களைத் தடுக்க முடியுமா?

பதில்: நினைவுத்தூண் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி உங்களை மறுக்க முடியாது. எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் சோனிங் சட்டத்தில் "மனம் புண்படும் தூரம்" என்று ஓர் அளவே கிடையாது. ஆனால் நீங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதாத பார்க்கிங்தான் உங்களைக் கவிழ்க்கக்கூடிய விஷயம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கவுன்சிலர் சொல்லும் வசனம் பழையது. 2010-ல் நியூயார்க்கில் பார்க்51 என்ற இஸ்லாமிய மையத் திட்ட விவகாரத்தில் நாடு முழுக்க ஒலித்ததுதான் அது. உலக வர்த்தக மையம் இருந்த இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, பார்க் பிளேஸில் 45-47 எண்ணுள்ள கட்டடம். முன்பு பர்லிங்டன் கோட் ஃபேக்டரி துணிக்கடை. தாக்குதல் நாளன்று விமானத்தின் சக்கரப் பாகம் ஒன்று அதன் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. 2009-ல் ஷரீஃப் எல்-கமாலின் நிறுவனம் அதை ஏறக்குறைய 48.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. இமாம் ஃபைசல் அப்துல் ரவூஃபுடன் சேர்ந்து, அரங்கு, நீச்சல் குளம், தொழுகை இடம் எல்லாம் கொண்ட 13 மாடி மையம் கட்டுவதாகத் திட்டம். தேர்தல் ஆண்டு வேறு, கேட்கவா வேண்டும்! குடியரசுக் கட்சியில் நியூட் கிங்ரிச்சிலிருந்து சாரா பேலின் வரை எல்லோரும் எதிர்த்துப் பேசினார்கள். ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட கார்ல் பலடீனோ, அரசு அதிகாரத்தைக் கொண்டு அந்த நிலத்தையே கையகப்படுத்துவேன் என்றார். யூத எதிர்ப்பை எதிர்த்துப் போராடும் ஏ.டி.எல். அமைப்பே "வேறு இடம் பாருங்கள்" என்றது. 2021-ல் அதன் தலைவர் அது தவறு என்று மன்னிப்புக் கேட்டார், பதினொரு வருடம் கழித்து.

இவ்வளவு கூச்சலிலும் சட்டப்படி அந்தத் திட்டம் ஓரிடத்தில்கூடத் தோற்கவில்லை. அந்த மனைக்கான சோனிங் விதியே அந்தப் பயன்பாட்டை அனுமதித்தது. யாரிடமும் விதிவிலக்கு கேட்க வேண்டிய நிலையே இல்லை. அந்தப் பகுதியின் ஆலோசனைக் குழுவான கம்யூனிட்டி போர்டு 29-க்கு 1 என்று ஆதரித்து வாக்களித்தது, அதுகூட வெறும் ஆலோசனைதான். எதிர்ப்பாளர்களுக்கு இருந்த ஒரே பிடி, 1850-களில் கட்டிய அந்தக் கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க வைப்பது. அறிவித்துவிட்டால் இடிக்க முடியாதே. 2010 ஆகஸ்ட் 3 அன்று நகரத்தின் பாரம்பரியச் சின்ன ஆணையம் 9-0 என்று அதை நிராகரித்தது. 2001 தாக்குதலில் உயிர் பிழைத்த தீயணைப்பு வீரர் ஒருவர் அந்த முடிவை எதிர்த்து வழக்குப் போட்டார். 2011 ஜூலையில் நியூயார்க் நீதிமன்றம், வழக்குத் தொடுக்கும் சட்டத் தகுதி அவருக்கு இல்லை என்று தள்ளிவிட்டது. ஒரு கட்டடத்தின் மீது ஒருவருக்கு எவ்வளவு ஆழமான உணர்வு இருந்தாலும், அதுவே வழக்காடும் தகுதியாகிவிடாது.

இந்தத் தீர்ப்பை வைத்து நீங்கள் நிம்மதியாகிவிட வேண்டாம். அது நியூயார்க். நியூஜெர்சியில் வழக்காடும் தகுதி விஷயத்தில் நீதிமன்றங்கள் தாராளம். பக்கத்து வீட்டுக்காரர் போக்குவரத்து, சத்தம், நோட்டீஸ் குறைபாடு என்று வந்தால் வழக்கு உள்ளே போகும். இறந்தவரின் குடும்பம் என்பதால் மட்டும் ஜெயிக்காது, ஆனால் காலம் இழுக்கும்.

உங்களுக்கான முக்கியச் சட்டம் 2000-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றி, அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட ஆர்.எல்.யு.ஐ.பி.ஏ. வக்கீல்கள் வாயில் "ரலூப்பா". நிலப் பயன்பாட்டு விதிகளைக் கொண்டு மத வழிபாட்டுக்குக் கணிசமான சுமை ஏற்றக்கூடாது, ஒரு மதத்தை மற்றதைவிடத் தாழ்வாக நடத்தக்கூடாது, மதம் சாராத கூட்ட அரங்குகளுக்குக் கொடுப்பதைவிட மோசமான நிபந்தனை விதிக்கக்கூடாது என்கிறது. நிலத்தை வாங்க ஒப்பந்தம் மட்டும் போட்டிருப்பவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஜெயித்தால் உங்கள் வக்கீல் கட்டணத்தையும் நீதிமன்றம் டவுன்ஷிப் தலையில் கட்டலாம். அவர்களுடைய வக்கீலுக்கு இது நன்றாகத் தெரியும்.

அண்டை வீட்டாரின் வெறுப்போ பயமோ சோனிங் மறுப்புக்குக் காரணமாக முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-லேயே கிளீபர்ன் வழக்கில் சொல்லிவிட்டது. அது மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லம் பற்றிய டெக்சாஸ் வழக்கு. ஆனால் மசூதி வழக்குகளுக்கும் அதுதான் முதுகெலும்பு.

இனி பார்க்கிங். இந்தக் காலத்தில் எந்த ஊரின் நிலப் பயன்பாட்டு போர்டும் "முஸ்லிம்கள் வேண்டாம்" என்று தீர்மானம் எழுதாது. மழைநீர் வடிகால், வேலி உயரம், தீயணைப்பு வண்டி திரும்பும் இடம், எல்லாவற்றுக்கும் மேலாக பார்க்கிங் என்று எழுதும். நம் மாநிலத்தின் பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பில் இதுதான் நடந்தது. பாஸ்கிங் ரிட்ஜ் இஸ்லாமியச் சங்கம் 2012-ல் மனுப் போட்டது. அதன் தலைவரே அந்த டவுன்ஷிப்பின் முன்னாள் மேயர். இருந்தும் 39 விசாரணைகள், மூன்றரை வருடம், கடைசியில் மறுப்பு. தேவாலயத்துக்கும் யூதக் கோயிலுக்கும் மூன்று இருக்கைக்கு ஒரு கார் என்ற கணக்கு. அதன்படி இவர்களுக்கு 50 இடம் போதும். மசூதி என்றதும் 107 வேண்டும் என்றார்கள். 2016-ன் கடைசி நாளில் ஃபெடரல் நீதிபதி, இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தார். 2017-ல் டவுன்ஷிப் தரப்பு 32.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

ஆகவே முதல் வேலையாக, உங்கள் மனை இருக்கும் மண்டலத்தில் வழிபாட்டுத் தலம் அனுமதிக்கப்பட்ட பயன்பாடா, நிபந்தனையோடு அனுமதியா, இல்லை வேரியன்ஸ் (விதியிலிருந்து விலக்கு) தேவையா என்று பாருங்கள். பார்க்51-க்கு இருந்த சௌகரியம் உங்களுக்கு இருக்கிறதா என்பது இதில்தான் தெரியும். பயன்பாட்டுக்கான வேரியன்ஸ் என்றால் ஏழு பேர் கொண்ட போர்டில் ஐந்து ஓட்டு வேண்டும். கஷ்டம்தான், ஆனால் வழிபாட்டுத் தலம் இயல்பிலேயே பொது நன்மை தரும் பயன்பாடு என்று நியூஜெர்சி நீதிமன்றங்கள் ஏற்றுள்ளதால் உங்கள் சுமை குறையும்.

மனுவைச் சீக்கிரம் போடுங்கள். நம் மாநிலத்து பிரிட்ஜ்வாட்டரில் அல் ஃபலாஹ் என்ற இஸ்லாமிய மையம் 2011-ல் மனுப் போட்டதும், டவுன்ஷிப் அவசர அவசரமாக விதியை மாற்றி அந்த இடத்துக்கு வழிபாட்டுத் தலம் வர முடியாமல் செய்தது. அதே ஆண்டு மே 5 முதல் மாநிலச் சட்டம் மாறிவிட்டது. இப்போது மனுப் போட்ட நாளில் இருந்த விதிதான் செல்லும். ஆனால் டவுன்ஷிப்பின் செக்லிஸ்ட்டில் கேட்ட எல்லாக் காகிதமும் உள்ளே இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு என்று மாநில உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது. ஒரு வரைபடம் விட்டுப்போனாலும் வம்பு. போக்குவரத்துப் பொறியாளர் ஒருவரை இப்போதே அமர்த்துங்கள். ஜும்ஆவை இரண்டு வேளையாக நடத்துவீர்களா, பக்கத்துக் கடையின் காலி இடத்தைப் பகிர எழுத்து ஒப்பந்தம் கிடைக்குமா என்று அவர் அறிக்கையில் வரட்டும்.

நோட்டீஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மனையைச் சுற்றி 200 அடிக்குள் உள்ள உரிமையாளர்களுக்கு விசாரணைக்குப் பத்து நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும், பொது அறிவிப்பும் முறைப்படி வெளியாக வேண்டும். டென்னசியின் மர்ஃபிரீஸ்பரோவில் மசூதிக்கு 2010-ல் அனுமதி கிடைத்தும், பொது அறிவிப்பு போதவில்லை என்று 2012-ல் உள்ளூர் நீதிபதி அதை ரத்து செய்தார். ஃபெடரல் அரசு வழக்குப் போட்டு, ஃபெடரல் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அந்த ஆகஸ்டில் கதவு திறந்தது. இடையில் கட்டுமான இயந்திரத்துக்குத் தீ வைத்த சம்பவமும் உண்டு. உங்களுக்கு மிரட்டல் ஏதும் வந்தால் அழிக்காமல் போலீஸுக்கும் எஃப்.பி.ஐ.க்கும் கொடுங்கள்.

நன்கொடையாளர் பட்டியல்? தர வேண்டாம். நிலப் பயன்பாட்டு போர்டுக்கு அது சம்பந்தமே இல்லாத விஷயம். உறுப்பினர் பட்டியலைக் கட்டாயப்படுத்திக் கேட்பது சங்க உரிமையைப் பாதிக்கும் என்று 1958-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பார்க்51-இடமும் இதைத்தான் கேட்டார்கள். ஆனால் உங்கள் கணக்கு வழக்கு சுத்தமாக இருக்கட்டும், வெளிநாட்டுப் பணம் வந்திருந்தால் கமிட்டிக்கு முழு விவரமும் தெரிந்திருக்கட்டும்.

நிகழ்ச்சி அரங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ரலூப்பா காப்பது மத நடவடிக்கையை. தொழுகைக் கூடமும் குர்ஆன் வகுப்பும் தெளிவாக அதற்குள் வரும். அரங்கைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவோம் என்று மனுவில் எழுதினால் அதை வணிகமாகப் பார்ப்பார்கள். தமிழ் வகுப்பு துணைப் பயன்பாடாக நிற்கலாம். வாடகைக் கதையை விட்டுவிடுங்கள்.

மாற்று இடம் என்றாலே கமிட்டியில் சிலர் கோபப்படுவார்கள். நான் அப்படிப் பார்க்க மாட்டேன். 2010-ல் நியூயார்க் ஆளுநர் பேட்டர்சன் வேறிடத்தில் அரசு நிலம் பேசலாம் என்றபோது பார்க்51 தரப்பு ஏற்கவில்லை, அது அவர்கள் உரிமை. பிரிட்ஜ்வாட்டரில் அல் ஃபலாஹ் வழக்கை நடத்தி, தடை உத்தரவும் வாங்கி, அப்புறம்தான் 2014-ல் சமரசத்துக்கு வந்தது. மொத்தம் 77.5 லட்சம் டாலர், அதற்குள் மாற்று நிலமும் அடக்கம். உங்கள் கவுன்சிலர் காட்டும் இடத்துக்கு அனுமதி முன்கூட்டியே கிடைக்குமா, கூடுதல் செலவை யார் தருவது என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வரவில்லை என்றால் அது வெறும் பேச்சு.

பார்க்51 கடைசியில் என்ன ஆனது என்று கமிட்டியில் கேட்பார்கள். மையம் வரவில்லை. இமாமும் நில உரிமையாளரும் பிரிந்தார்கள், திட்டமிட்ட பணம் சேரவில்லை, அந்த இடத்தில் பின்னர் அடுக்குமாடிக் குடியிருப்புக் கோபுரம் எழுந்தது. தடுத்தது நீதிமன்றம் அல்ல. பாதிப் பேர் பின்வாங்கும் கமிட்டியோடு விசாரணைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். முதலில் தீர்மானம் போட்டு, யார் பேசுவது என்று ஒருவரை மட்டும் நியமியுங்கள். நினைவுத்தூணில் பெயர் உள்ள குடும்பங்களை விசாரணைக்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள். இது சட்டம் கேட்பதல்ல, நான் கேட்பது. அன்று உயிர் விட்டவர்களில் முகமது சல்மான் ஹம்தானி போன்ற முஸ்லிம்களும் உண்டு என்பது அவர்களில் பலருக்குத் தெரியும். ஆனால் போர்டு முன்னால் இதையெல்லாம் வாதமாக வைக்காதீர்கள். அங்கே பார்க்கிங், வடிகால், விளக்கு வெளிச்சம் மட்டும் பேசுங்கள். உணர்ச்சியை அவர்கள் பேசட்டும், அது பதிவாகட்டும். பின்னால் ரலூப்பா வழக்கில் அந்தப் பதிவுதான் உங்கள் சாட்சி.

கமிட்டி வாட்ஸ்ஆப் குழுவில் கிண்டல், கோபம் எதுவும் வேண்டாம். வழக்கு வந்தால் அது நீதிமன்றத்துக்கு வரும், அழிப்பதும் குற்றமாகலாம். போர்டு உறுப்பினர்களின் மின்னஞ்சலை மாநிலப் பொது ஆவணச் சட்டப்படி நீங்களும் கேட்கலாம்.

நிலம் வாங்கும் ஒப்பந்தத்தை உடனே எடுத்துப் பாருங்கள். "மேல்முறையீடு இல்லாத இறுதி அனுமதி கிடைத்த பிறகே கிரயம்" என்ற நிபந்தனை அதில் இல்லையென்றால், விற்பவரிடம் பேசித் திருத்தம் வாங்குங்கள். நிறுவனம் அல்லது அறக்கட்டளை என்பதால் போர்டு முன்னால் வக்கீல் மூலம்தான் ஆஜராக முடியும். நிலப் பயன்பாட்டு அனுபவம் உள்ளவராகப் பாருங்கள், குடியேற்ற வழக்கு நடத்தும் நண்பரை அனுப்ப வேண்டாம். மனு முழுமையானது என்று ஏற்ற நாளிலிருந்து, வேரியன்ஸ் மனுவில் 120 நாளுக்குள் போர்டு முடிவு சொல்ல வேண்டும். நீட்டிப்புக்குச் சம்மதம் கேட்பார்கள். வக்கீலைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள். மறுப்பு வந்தால், அந்த முடிவின் அறிவிப்பு முறைப்படி வெளியான நாளிலிருந்து மாநில நீதிமன்றத்துக்குப் போக 45 நாள்தான் உண்டு. அந்தத் தேதியை வக்கீலும் குறிக்கட்டும், நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.