காரின் டிக்கிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பேனல்களை உடைக்காமல் நாமே கழற்ற முடியுமா?

முடியும். அப்பாவின் பதினோரு வருஷத்து ஹேட்ச்பேக்கில் நானே இரண்டு தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன். முதல் தடவை மூன்று கிளிப்பும், பேனலின் பின்பக்கத்தில் கிளிப்பையோ ஸ்க்ரூவையோ தாங்கும் காது ஒன்றும் உடைந்தன. இரண்டாம் தடவை எதுவும் உடையவில்லை.

டிக்கி ஓரத்தில் எப்போதும் ஈரம், திறந்தால் ஊறிய சாக்கு வாடை, கடையில் விட்டால் "பழைய பிளாஸ்டிக், உடைஞ்சா எங்களைக் கேக்கக் கூடாது" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வண்டிக்கும் இதேதான் ஆனது. அதனால் கழற்றுவதை மட்டும் சொல்லி நிறுத்தாமல், கழற்றிய பிறகு எதைத் தேட வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். உள்ளே தேங்கும் தண்ணீர் தகரத்தைத் தின்றுவிடும். அதை விட்டுவிடாதீர்கள்.

எங்களுக்குச் சேலத்தில் கன்னங்குறிச்சி. அத்தை வீடு ஏற்காட்டில். ஐப்பசி மழையில் போய்விட்டு இறங்கும்போது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் ‘களக்’ என்று ஒரு சத்தம். "பாப்பா, தண்ணி கேன் உருளுது போல, ஓரமா நிறுத்து" என்றார் அப்பா. நிறுத்திப் பார்த்தால் டிக்கி காலி. 20 வளைவும் இறங்கி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. சத்தம் பேனலுக்குப் பின்னால், பின் டயரைத் தாண்டி இருக்கும் பாடிப் பள்ளத்திலிருந்து வந்தது. அங்கே தண்ணீர் நின்றிருந்தது. டவுனுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தால் இன்னும் பல மாதம் தெரிந்திருக்காது. மலை ஏறும்போது தண்ணீர் பின்னால் ஒதுங்கி ஸ்டெப்னி குழிக்குப் போகிறது. இறங்கும்போது முன்னால் ஓடிவந்து பின்சீட்டுக் காலடி விரிப்பை நனைக்கிறது. ஆகவே ஈரம் தெரியும் இடத்தை வைத்து, ஓட்டை அங்கேதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

அடுத்த தடவை அத்தை வீட்டுக்குப் போனபோது, டிசம்பர் காலை ஏழு மணிக்கு, வாசலில் நிறுத்தி வைத்தே கழற்ற ஆரம்பித்தேன். பனி விலகவில்லை. தட்டை ஸ்க்ரூடிரைவரை விளிம்பில் நுழைத்து நெம்பினேன். டப், டப் என்று கிளிப்புகள் போயின. அம்மாபேட்டையில் சீட் கவர் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் உடைந்த துண்டுகளைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தவர் முதலில் கேட்டதே, "எத்தன மணிக்குக் கழட்டுன கண்ணு?" என்றுதான். "பிளாஸ்டிக்குக்குக் குளிர் ஆகாது. கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு வெயில்ல நிறுத்து. ஒரு மணி நேரம் கழிச்சுக் கை வெய்யி. அது வரைக்கும் சும்மா பாத்துட்டு இரு, எது எதைப் புடிச்சிருக்குன்னு."

அவர் சொன்ன இரண்டுமே அப்படியே உண்மை. முதலில் குளிர். பேனல்கள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், கிளிப்புகள் பெரும்பாலும் நைலான் மாதிரியான பிளாஸ்டிக். குளிரில் இவை விறைத்துப்போய், வளைய வேண்டிய இடத்தில் ஒடிகின்றன. சூடேறினால் இளகிக் கொடுக்கும். சேலத்தில் மார்கழி மாதத்து மதிய வெயிலே போதும், மூடிய வண்டிக்குள் பேனல் தொட்டால் சுடும். மழைநாளில் அவசரமாகக் கழற்றியாக வேண்டும் என்றால் முடி உலர்த்தும் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்துக் கிளிப் இருக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு நிமிடம் காட்டுங்கள். ஒரே இடத்தில் பிடித்தால் பேனல் நெளிந்துவிடும்.

அடுத்தது, எது எதைப் பிடித்திருக்கிறது என்பது. பக்கப் பேனலை நேராக இழுத்தால் ஒருபோதும் வராது. அதன் விளிம்புகள் வேறு நாலைந்து உருப்படிகளுக்கு அடியில் செருகியிருக்கும். பார்சல் ட்ரே, தரை விரிப்பு, ஸ்டெப்னி மேல் பலகை எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுங்கள். டிக்கி வாசலில், பூட்டு கவ்வும் இடத்தை மூடியிருக்கும் அகலப் பட்டை அடுத்தது. அதை ஒரு முனையில் பிடித்து நேர் மேலாகத் தூக்க வேண்டும், நம்மை நோக்கி இழுக்கக் கூடாது. பின் டிக்கி வாசலைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைப் பேனல் தொடும் இடத்தில் மட்டும் கையாலேயே உருவி விடலாம். பின்சீட்டு முதுகை மடித்து, பின்கதவு வாசல்படிப் பட்டையின் பின்முனையையும் விடுவித்தால்தான் பேனலின் முன்விளிம்பு அசையும். சாமான் மாட்டும் கொக்கி, டிக்கி லைட், 12 வோல்ட் சாக்கெட் இவற்றையும் மறக்காதீர்கள். கொக்கிக்குப் பின்னாலும் சின்ன மூடிகளுக்குப் பின்னாலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். முதல் தடவை பேனலின் காது உடைந்தது அப்படி ஒரு ஸ்க்ரூவைப் பார்க்காமல் இழுத்ததால்தான். விரலால் விளிம்பு முழுக்கத் தடவுங்கள். ஓர் இடத்தில் மட்டும் பேனல் கல் மாதிரி நிற்கிறது என்றால் அங்கே ஸ்க்ரூ இருக்கிறது என்று அர்த்தம்.

கிளிப் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் ஒன்றுபோல உருண்டையாகத் தெரிந்தாலும் திறக்கும் விதம் வேறு. நடுவில் ஸ்டார் வெட்டு இருந்தால் ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் திருப்புங்கள், நடு ஊசி மேலே வரும், பிறகு முழுசாக இழுக்கலாம். நடுத்தலைக்கு ஓரத்தில் சின்ன இடுக்கு இருந்தால் அந்தத் தலையை மட்டும் நெம்பி மேலே எடுக்க வேண்டும். மூன்றாவது வகையில்தான் பலரும் உடைக்கிறார்கள். நடுவில் வழுவழுப்பான பொட்டு, வெட்டும் இல்லை, இடுக்கும் இல்லை. அதை உள்ளே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அழுத்த வேண்டும். ‘டிக்’ என்று இறங்கியதும் கிளிப் கையோடு வந்துவிடும். ரொம்ப அழுத்தினால் ஊசி உள்ளே விழுந்துவிடும், கவனம். மாட்டும்போது ஊசியை முதலில் வெளியே தள்ளி வைத்து, ஓட்டையில் செருகி, பிறகு மட்டத்துக்கு அழுத்துங்கள்.

இவை தவிர பேனலின் முதுகில் வெளியே தெரியாத கிளிப்புகள் இருக்கும். பேனல் நெம்புவதற்கென்றே இருக்கும் பிளாஸ்டிக் டிரிம் டூலை, அல்லது துணி சுற்றிய தட்டைக் கரண்டியை, கிளிப்புக்கு மிக அருகில் கொண்டுபோய் நெம்புங்கள். தூரத்தில் பிடித்து இழுத்தால் கிளிப்புக்குப் பதில் பேனலின் காதுதான் கிழியும். கிளிப் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும், காது கிடைக்காது. பேனல் கழன்றதும் உடனே தூக்கிவிடாமல் பின்னால் கைவிட்டுப் பாருங்கள், ஒயர் பிடித்திருக்கும். ஒயரை இணைக்கும் கப்ளரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் தயவுசெய்து தைரியம் காட்ட வேண்டாம். கூரையைத் தொடும் மேல் தூண் கவரில் ‘ஏர்பேக்’ என்று பொறித்திருந்தால் அதை நீங்களாகத் தொடாதீர்கள். கீழ்ப் பேனல் பெரும்பாலும் அதைக் கழற்றாமலே வரும். அருகில் வேலை செய்வதாக இருந்தாலும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருங்கள். நாங்கள் பத்து நிமிடம் விட்டோம். அதற்கு முன் டிக்கியைத் திறந்தே வையுங்கள். பல வண்டிகளில் பூட்டு கரண்டில் வேலை செய்வது, பேட்டரி இல்லாமல் சாத்திவிட்டால் திறக்காது. சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்ற நேர்ந்தால், பட்டை முறுக்காமல் மாட்டி, மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடுக்க வேண்டும். கை அளவில் விட்டுவிடக் கூடாது, அது உயிர் சம்பந்தப்பட்டது.

இனி ஓட்டையைத் தேடுவது. பேனல் போன பிறகு தகரம் முழுக்கத் தெரியும். துடைத்துக் காயவைத்து, இணைப்புகள் மேலெல்லாம் அம்மாவின் கோலப்பொடியைத் தூவினேன். டார்ச்சோடு அப்பா உள்ளே உட்கார்ந்தார். நான் வெளியே ஓஸ் பைப்போடு நின்றேன். தண்ணீரைக் கீழிருந்து மேலாகக் காட்ட வேண்டும். கூரையில் ஆரம்பித்தால் எல்லாவற்றின் மேலும் வழிந்து, எது வழி என்றே தெரியாது. பம்பர் உயரத்தில் ஐந்து நிமிடம், டெயில் லேம்ப் உயரத்தில் ஐந்து நிமிடம், கண்ணாடி, கடைசியாகக் கூரை விளிம்பு. நாங்கள் டெயில் லேம்ப்பின் பழைய ஸ்பாஞ்ச்தான் என்று நினைத்திருந்தோம். ஆனால் பம்பர் உயரத்திலேயே "வருது பாப்பா, வருது!" என்று உள்ளிருந்து குரல். பொடியில் கோடு விழுந்திருந்தது.

அது காற்றுப் போக்கி. கதவைச் சாத்தும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற, பெரும்பாலான கார்களில் பம்பருக்குப் பின்னால் ரப்பர் மடல்கள் வைத்த ஒரு சட்டம் இருக்கும். அதைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்ச் பொடிந்துபோய், டயர் வாரியடித்த தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. பள்ளத்தின் அடியில் இருந்த வடிகால் ஓட்டையையும் சேறு அடைத்திருந்தது. குத்திவிட்டதும் இரண்டு சொம்புத் தண்ணீர் வெளியேறியது. பம்பரை அந்தப் பெரியவர் கடையில் வைத்துக் கழற்றி, சட்டத்தை எடுத்து, பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டி, ஓரத்தைச் சுற்றி மட்டும் பியூட்டைல் டேப் (பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் நாடா) ஒட்டி மாட்டினோம். மடல்களை ஒட்டி அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் கதவு சாத்தக் கஷ்டப்படும், மழையில் கண்ணாடி வியர்த்துக்கொண்டே இருக்கும். துரு ஏறிய இடத்தைத் தேய்த்து பிரைமர் அடித்தோம். பேனலின் முதுகில் ஒட்டியிருந்த சத்தம் தடுக்கும் பஞ்சு இரண்டு நாள் மொட்டை மாடியில் காய்ந்தது. வாடை அந்தப் பஞ்சில்தான் இருந்தது. நன்றாகக் காயாமல் மாட்டினால் திரும்ப வரும்.

மாட்டுவதற்கு முன் ஒரு வேலை. கழற்றும்போது சில கிளிப்புகள் தகர ஓட்டையிலேயே தங்கிவிடும். அவற்றைக் குறட்டால் எடுத்துப் பேனலின் காதில் முதலில் ஏற்றுங்கள். ஒவ்வொன்றும் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா பார்த்து, உள்ளங்கையால் தட்டுங்கள். ஒன்றுகூடச் சரியாக உட்காரவில்லை என்றால் மலைப்பாதையில் கடகடவென்று சத்தம் வரும். பீடிங் விளிம்பு பேனலுக்கு மேலே வந்திருக்க வேண்டும், அடியில் மடிந்திருந்தால் அதுவே புதிய ஓட்டை.

உங்கள் வண்டி எது என்று எழுதவில்லை. மூன்றாம் வரிசை சீட் இருந்தால் பக்கப் பேனல் பெரியது, பெல்ட் சுருளும் அதற்குள்ளேயே இருக்கும், ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். பேனலையும் ஈரம் இருக்கும் மூலையையும் படம் எடுத்துப் போட்டால், எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.