நெட் மதிப்பெண் ஓராண்டுக்குத்தான், பிள்ளைக்கு வயது ஒன்றரை

கேள்வி: தக்கலை அருகே வசிக்கிறேன். வயது 29. எம்.எஸ்சி. தாவரவியல் படித்திருக்கிறேன். இப்போது நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' என்ற பிரிவில் தேறியிருக்கிறேன். மகளுக்கு ஒன்றரை வயது, கணவர் மஸ்கட்டில் வேலை. "பிள்ளை எல்.கே.ஜி. போகட்டும், அப்புறம் படிக்கலாம்" என்கிறார் மாமி. காத்திருக்கலாமா? பகுதி நேரமாகச் சேர்ந்தால் எளிதாக இருக்குமா? கைக்குழந்தை இருப்பதை முன்கூட்டியே சொல்லலாமா?

பதில்: மாமி அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் உங்கள் பிரிவில் வாங்கிய நெட் மதிப்பெண் பிஎச்.டி. சேர்க்கைக்கு ஓராண்டுக்குத்தான் செல்லும். திரும்ப எழுதலாம், அந்தப் பிரிவுக்கு வயது வரம்பும் இல்லை. இருந்தாலும் எல்.கே.ஜி. போனால் நமக்கு நேரம் கிடைக்கும் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கணக்கு. பிள்ளை மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடும். அப்புறம் ஹோம்ஒர்க், வேன் வராத நாள், மாதம் ஒரு காய்ச்சல். என் கணக்கில் ஒன்றரை வயதுப் பிள்ளையை விட நான்கு வயதுப் பிள்ளைக்குத்தான் அம்மா அதிகம் வேண்டும். இப்போதே விண்ணப்பியுங்கள். சேர்ந்த பிறகும் நெட் எழுதலாம். அதில் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகைக்குப் பெண்களுக்கு 35 வயது வரை இடமுண்டு. கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது அப்போது ஒரு பேச்சாகவே இருக்காது.

பகுதி நேரம் என்பது வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்து வந்த ஏற்பாடு. வேலை செய்யும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று கேட்பார்கள். வேலையில் இல்லாத நீங்கள் முழு நேரமாகச் சேர்வதே சரி. முழு நேரம் என்றதும் தினமும் திருநெல்வேலி அபிஷேகப்பட்டிக்கு ஓட வேண்டும் என்று பயப்படாதீர்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமாக அங்கீகாரம் பெற்ற துறை நம் கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரி ஒன்றில் இருந்தால், அங்கேயே பதிவு செய்துகொள்ளலாம். பஸ்ஸில் போகும் நேரத்தையும் படிப்பு நேரத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இரண்டு, பெண்கள் என்பதற்காக மேலும் இரண்டு, ஆகப் பத்து ஆண்டுகள் வரை போகலாம். அதை நம்பி இறங்காதீர்கள். ஏழாம் ஆண்டில் வீட்டில் யாரும் உங்களை ஆய்வு மாணவியாக நினைக்க மாட்டார்கள். மகப்பேறு விடுப்பாகவோ குழந்தைப் பராமரிப்பு விடுப்பாகவோ மொத்த ஆய்வுக் காலத்துக்கும் 240 நாட்கள் வரை தரலாம் என்றும் அதே விதிமுறை சொல்கிறது. 'தரலாம்' என்றுதான் இருக்கிறது, தானாக வராது. எழுதிக் கொடுத்து, அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே விடுப்பு எடுங்கள். இரண்டாவது பிள்ளை யோசனை இருந்தால் இப்போதே அத்தனை நாட்களையும் கரைத்துவிடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே உங்கள் வீட்டு நேரத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். நான் திசு வளர்ப்பில், அதாவது செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத குப்பியில் வளர்ப்பதில், ஆய்வு செய்தேன். மகனுக்கு இரண்டு வயதில் அம்மை போட்டது. பத்து நாள் வேப்பிலையும் இளநீருமாக வீட்டில் இருந்துவிட்டு லேபுக்குப் போனால், 42 குப்பிகளில் பாதிக்கு மேல் வெள்ளையாய்ப் பூஞ்சை பூத்துக் கிடக்கிறது. மீதியும் புது ஊடகத்துக்கு மாற்ற வேண்டிய தேதி தாண்டிப் பழுத்துப்போயிருந்தது. நான்கு மாத வேலை. ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போட்டு எல்லாவற்றையும் கழுவி வைத்துவிட்டு வந்தேன். குப்பிக்குள் இருக்கும் செடிக்கு நம் பிள்ளையின் காய்ச்சல் தெரியாது.

அதனால் காத்திருக்கத் தெரிந்த தலைப்பாக எடுங்கள். கல்குளம் வட்டத்துக் குளங்களின் நீர்த்தாவரங்கள், வீட்டுத் தோட்டத்து வாழை ரகங்கள், மூலிகைப் பயன்பாடு இப்படி. காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரில் போய் மாதிரி எடுத்துவிட்டு, பிள்ளைக்கு மட்டிப்பழம் கொடுக்கும் நேரத்துக்கு வீடு வந்துவிடலாம். செடியைப் பேப்பரில் அழுத்தி வைப்பதும், தினமும் ஈரப் பேப்பரை மாற்றுவதும் வீட்டுத் திண்ணையிலேயே நடக்கும் (மகள் ஒன்றிரண்டு இலையைப் பிய்ப்பாள், கூடுதலாக இரண்டு மாதிரி எடுத்துவையுங்கள்). நமக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால் ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் மாதிரி காயாது. அந்த மாதங்களை எழுதுவதற்கு ஒதுக்குங்கள். தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் வனத்துறை அனுமதிக்கு அலைய வேண்டும். முதல் ஆண்டில் அது வேண்டாம்.

முதல் ஆண்டுதான் நெருக்கடி. குறைந்தது 12 கிரெடிட்டுக்குக் கோர்ஸ் ஒர்க் முடிக்க வேண்டும், வகுப்பு, வருகைப் பதிவு எல்லாம் உண்டு. அதற்கு மட்டும் வீட்டில் கறாரான ஏற்பாடு தேவை. மாமியிடம் "பிள்ளையைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று பொதுவாகச் சொன்னால், அது நாள் முழுக்க அவர் தலையில் ஏற்றிய சுமை. மூன்றாம் வாரமே முகம் மாறும், அவரைக் குறை சொல்ல முடியாது. "செவ்வாயும் வியாழனும் ஒன்பதிலிருந்து இரண்டு வரை நீங்கள், திங்களும் புதனும் என் அம்மா, வெள்ளிக்கிழமை நான்" என்று கிழமையும் மணியும் சொல்லிக் கேளுங்கள். அவருக்கும் முட்டுவலி இருக்கும், குழுக் கூட்டம் இருக்கும். அவர் நாளில் எதை முதலில் விட்டுவைக்க வேண்டும் என்று அவரே சொல்லட்டும். இரண்டு வயது முடிந்ததும் அங்கன்வாடியையும் கணக்கில் சேர்க்கலாம்.

கணவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள். மஸ்கட் நேரம் நம்மை விட ஒன்றரை மணி பின்னால். அவர் இரவு எட்டு மணிக்குச் சாவகாசமாகக் கூப்பிடும்போது இங்கே ஒன்பதரை. பிள்ளை தூங்கி, நீங்கள் லேப்டாப்பைத் திறக்கும் நேரம் அது. நம் நேரம் ஏழரைக்கு, அவருக்கு ஆறு மணிக்கு, கூப்பிடச் சொல்லுங்கள். வீடியோவில் மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் சோறு ஊட்டி முடித்துவிடலாம்.

கடைசியாக நெறியாளர், அதாவது உங்கள் ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியர். உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், பேராசிரியர் எட்டுப் பேரையும்தான் எடுக்க முடியும். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. ஆகவே இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். குழந்தையைப் பற்றி நேர்காணலில் யாரும் கேட்காதவரை நீங்களாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நெறியாளரிடம் மறைக்காதீர்கள். முதல் சந்திப்பிலேயே, "எனக்கு ஒன்றரை வயதுப் பிள்ளை, வாரத்தில் நான்கு நாள் இன்ன நேரம் துறையில் இருப்பேன், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் வர இயலாது" என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் சரிப்படாதும்மா" என்று அவர் முகத்தைச் சுளித்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கல்லூரிக்குப் பஸ் ஏறுங்கள்.