தினமும் நடைப்பயிற்சி செய்யும் 74 வயது அம்மா ஆறு மாதத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். இயன்முறை சிகிச்சை இதைத் தடுக்குமா?

ஓரளவு தடுக்கும். ஆனால் எந்த இயன்முறை சிகிச்சை என்பதைப் பொறுத்தது அது. முழங்காலுக்குக் ‘கரண்ட் வைத்து’, சூடு கொடுத்து அனுப்புவதையே சிகிச்சை என்று நம் ஊரில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் வலி சற்றுக் குறையலாமே தவிர, விழுவது குறையாது. இயன்முறை மருத்துவராக முதியவர்களின் வீடுகளுக்குச் சென்று வருபவன் என்ற முறையில், நடைப்பயிற்சியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் கால் இடறும்போது உடலைத் தாங்கும் தொடை வலுவும், சட்டென்று அடுத்த காலை எடுத்து ஊன்றும் வேகமும் சமதளத்தில் நேராக நடப்பதால் மட்டும் வந்துவிடுவதில்லை.

நிலைப்படியில் கால் தட்டினால் இளைஞரும் தடுமாறத்தான் செய்வார். ஆனால் விழுவதற்குள் ஓர் எட்டு வைத்து நின்றுவிடுவார். வயது ஏறும்போது கணுக்கால் இறுகி, தொடைத் தசை மெலிந்து, சர்க்கரை உள்ளவர்களுக்கு உள்ளங்காலின் உணர்வும் மங்கி, அந்த ஓர் எட்டு தாமதமாகிறது. அறுபதுகளில் விழுபவர் கையை ஊன்றுவதால் மணிக்கட்டு உடைகிறது. எண்பதுகளில் கை முன்னே வருவதற்குள் உடல் பக்கவாட்டில் சாய்ந்துவிடுவதால் அடி இடுப்பில் விழுகிறது. இடுப்பு எலும்பு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி விழுவதால் ஏற்படுபவையே.

சென்ற ஆண்டு நான் பார்த்த 78 வயதுப் பாட்டி ஒருவரிடம், கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழச் சொன்னேன். இரண்டு முறை முயன்றார். இரண்டு முறையும் கை தானாகவே கைப்பிடிக்குப் போயிற்று. மூன்றாம் முறை பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்து, “கால்ல தெம்பு இல்ல தம்பி” என்றார். நாற்காலியை நழுவாதபடி சுவரோடு ஒட்டிப் போட்டு, ஜமக்காளத்தை நான்காக மடித்து இருக்கையின் மேல் வைத்தேன். உயரம் கூடியதும் அவரால் கையில்லாமல் எழ முடிந்தது. காலையில் ஐந்து, மாலையில் ஐந்து முறை என்று தொடங்கி, வலு ஏற ஏற மடிப்பைக் குறைத்துக்கொண்டே வந்தோம். இரண்டு மாதத்தில் ஜமக்காளம் அலமாரிக்குத் திரும்பிவிட்டது. எழுவதைவிட, மெதுவாக உட்காரக் கற்பதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. தொடைத் தசைக்கு உண்மையான வேலை அந்த இறக்கத்தில்தான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பன்று. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வகுத்து, 80 வயதைக் கடந்த பெண்களிடம் சோதித்து 1997இல் வெளியிட்ட பயிற்சி முறையின் சாரமும் இதுவே: கணுக்காலில் எடை கட்டிக் காலை உயர்த்துதல், குதிகாலிலும் நுனிக்காலிலும் நிற்றல், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நடத்தல், ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நடத்தல். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டே இவற்றைத் தொடங்கலாம். ஆனால் பிடி படிப்படியாகத் தளர வேண்டும். சற்றே தடுமாற வைக்காத பயிற்சியால் சமநிலை வளராது. அதனால்தான் தொடக்கத்தில் அருகில் ஒருவர் நிற்க வேண்டும் என்கிறோம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட மதிப்பாய்வு, உடற்பயிற்சியால் விழும் எண்ணிக்கை சுமார் 23 சதவீதம் குறைகிறது என்று கண்டது.

எலும்பு முறிவைப் பொறுத்தவரை இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. இங்கிலாந்தில் 70 வயதைக் கடந்த சுமார் 9,800 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், விழும் அபாயம் உள்ளவர்களைக் கண்டறிந்து பயிற்சி அளித்தும் முறிவுகள் குறையவில்லை. எனவே எலும்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எலும்பு அடர்த்திச் சோதனையில் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அது எலும்புப்புரை, அதாவது எலும்பு வலுவிழந்து எளிதில் முறியும் நிலை; அதற்கு மருந்து உண்டு. அத்தகையவர்கள் முதுகை வளைத்துக் குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சிகளைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் முதுகெலும்பு நசுங்கக்கூடும்.

உங்கள் தாயார் ஏற்கெனவே இரண்டு முறை விழுந்திருப்பதால், பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். விழும்போது தலைசுற்றலோ மயக்கமோ இருந்திருந்தால் தாமதிக்கவே வேண்டாம். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள்ளும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்; மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், அது விழுவதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அவர் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் எடுத்துச் செல்லுங்கள். (பெரும்பாலான வீடுகளில் அவை ஒரு மஞ்சள் பையில் இருக்கும், அந்தப் பையையே கொண்டு போகலாம்.) தூக்க மாத்திரையும், இரவில் கழிப்பறைக்கு எழவைக்கும் நீர் மாத்திரையும் அதில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

தனியார் கட்டணம் இயலாதென்றால், 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். போவதற்கு முன் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடிகள் ஆகின்றன என்று, நீங்கள் பக்கத்தில் இருந்தபடியே குறித்துக்கொள்ளுங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் கூடுதல் என்று கொள்கிறோம். அந்த எண்ணைச் சிகிச்சை தருபவரிடம் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே நாற்காலியில், அதே தூரத்துக்கு மறுபடியும் அளந்து பாருங்கள்.